நொவெல்லாராவில் அக்கா வீடு

நாள் 1

இத்தாலியின் மிலானில் அதிவேக ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ரெஜ்ஜோ எமிலியாவின் மெதியோபதானா நிலையம் வந்துவிடுகிறது. சந்தியாகோ கலாத்ராவா வடிவமைத்து 2013-ல் திறந்த நிலையம். வெள்ளை இரும்பும் கண்ணாடியும் அலை அலையாக, ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளம். அந்த மாளிகைக்கு அடியிலேயே, கொல்லைப்புற வாசல் மாதிரி ஒரு சின்ன நடைமேடை இருக்கிறது. குவாஸ்தால்லா போகும் உள்ளூர் வண்டி அங்கேதான் நிற்கும். “டிக்கெட்ட மெஷின்ல குத்தாம ஏறிராத, அபராதம் போட்ருவான்” என்று அக்கா மூன்று முறை போன் செய்துவிட்டாள். குத்திவிட்டு ஏறினேன்.

அக்கா நொவெல்லாரா நிலையத்தில் சைக்கிளோடு நின்றாள். தென்காசியில் ஸ்கூட்டி ஓட்டவே பயந்தவள், இங்கே என் பையை முன்கூடையில் திணித்து ஒற்றைக் கையால் உருட்டிக்கொண்டு வருகிறாள். வந்து பதினொரு வருடமாகிறது. அத்தான் பக்கத்து ஊரில் டிராக்டர் உதிரிபாகம் செய்யும் ஆலையில் இன்ஜினீயர். ஒரு வயதில் தூக்கிக்கொண்டு வந்த பையனுக்கு இப்போது பன்னிரண்டு. தமிழை அவன் பாடுகிற மாதிரி பேசுகிறான். கை சும்மா இருப்பதே இல்லை.

ஊரில் பதின்மூன்றாயிரம் சொச்சம் பேர். போ ஆற்றுச் சமவெளி, ஒரு மேடு கிடையாது. குற்றால மலையைப் பார்த்து வளர்ந்த எனக்குக் கண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தெரியவில்லை.

நாள் 2

தூக்கம் தெளியும் முன்பே நகராட்சி அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெளிநாட்டுக்காரர் ஒருவரை வீட்டில் தங்கவைத்தால் 48 மணி நேரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பெரிய ஊர் என்றால் போலீஸிடம், இந்த மாதிரி ஊர் என்றால் நகராட்சியிடம். கூடப்பிறந்த தம்பி வந்ததற்குமா என்று கேட்டேன். “அம்மா வந்தப்பவும் குடுத்தேன்” என்றாள்.

அந்த அலுவலகம் இருக்கும் இடம் ஒரு கோட்டை. ரோக்கா என்கிறார்கள். கொன்சாகா வம்சத்தின் ஒரு கிளை இந்த ஊரை ஆண்டது. அந்தக் கிளையின் கடைசிப் பிரபு 1728-ல் வாரிசில்லாமல் இறந்தார். அவர்கள் இருந்த இடத்தில் இப்போது பிறப்புச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

படிவத்தில் அக்கா பெயர் எழுதும்போதுதான் கவனித்தேன். இத்தாலியில் பெயர் என்றால் இரண்டு கட்டம்: கொன்யோமே, அதாவது குடும்பப் பெயர், நோமே, அதாவது சொந்தப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பாஸ்போர்ட்டில் போட்டிருக்கிறாள், அது கொன்யோமே ஆகிவிட்டது. அத்தானுக்கு அவருடைய அப்பா பெயர். பையனுக்கு அத்தான் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர்! வந்த புதிதில் குடியிருப்புப் பதிவுக்குப் போனபோது அலுவலக ஊழியர் இது ஒரு குடும்பம்தானா என்று இரண்டு தடவை கேட்டாராம். கல்யாணமான பிறகும் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருப்பது இங்கே வழக்கம் என்பதால் அக்கா கணக்கு ஒத்துப்போனது. பையன் கணக்குதான் இடித்தது.

அந்தப் பதிவுக்கு மனு கொடுத்தால் நகராட்சிக் காவலர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து, ஆள் நிஜமாகவே அங்கே குடியிருக்கிறாரா என்று பார்ப்பார். அவர் வந்த நேரம் அக்கா கொடியில் புடவை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “அந்தப் புடவையப் பாத்ததுமே எழுதிட்டுப் போயிட்டாரு. ஒண்ணும் கேக்கல.”

இதே ரோக்காவின் மேல்தளத்தில் நகராட்சிக்குச் சொந்தமான பால்சாமிக் வினிகர் பீப்பாய்கள் இருக்கின்றன. திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, பெரிய பீப்பாயிலிருந்து சின்னதற்கு வருடா வருடம் மாற்றி மாற்றி வைப்பார்கள். பாரம்பரிய வகைக்குக் குறைந்தது 12 வருடம் ஆக வேண்டும். அக்கா குடியுரிமைக்கு மனு போட்டிருக்கிறாள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் 10 வருடம் சட்டப்படி குடியிருந்த பிறகுதான் மனுவே போட முடியும். அதை முடிக்க அரசாங்கத்துக்கு 2 வருடம், இழுத்தால் 3. கூட்டிப் பாருங்கள், வினிகர் கணக்குதான். அந்தப் பத்தை ஐந்தாகக் குறைக்க 2025 ஜூனில் நாடு முழுக்க வாக்கெடுப்பு வைத்தார்கள். செல்லுபடியாகப் பாதிப் பேராவது வாக்களித்திருக்க வேண்டும். முப்பது சதவீதம் பேர்தான் வந்தார்கள். யாருக்காக அந்த வாக்கெடுப்போ அவர்களுக்கு அதில் ஓட்டு இல்லை.

நாள் 3

மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை. எங்கும் போகவில்லை.

வீட்டுக்குள்ளேயும் ஸ்வெட்டர்தான். இந்தப் பகுதியில் ஹீட்டரை அக்டோபர் 15-லிருந்து ஏப்ரல் 15 வரைதான் போடலாம், அதுவும் ஒரு நாளைக்கு 14 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அக்கா சட்டத்தைவிடக் கறார். கேஸ் பில் வருவது அவளுக்கு.

நாள் 4

அக்டோபர் கடைசி ஞாயிறு. ராத்திரி மூன்று மணிக்குக் கடிகாரத்தை இரண்டுக்குத் திருப்பிவிட்டார்கள். ஒரு மணி நேரம் கூடக் கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஊருக்கு ஒதுக்குப்புறம் தொழிற்பட்டறைகளுக்கு நடுவே குருத்வாரா. இத்தாலியின் பெரிய குருத்வாராக்களில் ஒன்று. 2000-ல், அப்போது ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக இருந்த ரொமானோ ப்ரோதி வந்து திறந்துவைத்தார். பக்கத்துப் பட்டறைகளில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சத்தமும் இல்லை. இங்கே மட்டும் கார் நிறுத்த இடம் இல்லை.

தலையில் துணி கட்டிக்கொண்டு உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தோம். பருப்பு, ரொட்டி, தயிர், பாயசம் மாதிரி கீர். பக்கத்தில் ஹோஷியார்பூர் பக்கத்துக்காரர் ஒருவர், அத்தானுக்குத் தெரிந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்கு இந்தி தெரியாது. இரண்டு பேரும் இத்தாலிய மொழியில் ஊர்க்கதை பேச ஆரம்பித்தார்கள். சும்மா தட்டுத்தடுமாறி இல்லை, கையை ஆட்டி, பாதியில் குறுக்கே பேசி, உள்ளூர்க்காரர்கள் மாதிரியே. நான் அரைகுறை இந்தியை வைத்துக்கொண்டு நடுவில் முழித்தேன். மூன்று இந்தியரில் மொழி தெரியாதவன் நான் ஒருத்தன்தான்.

அவருக்கு வேலை மாட்டுத்தொழுவத்தில். அதிகாலை மூன்று மணிக்கு ஒரு கறவை, பிற்பகலில் இன்னொன்று. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எதற்கும் விடுமுறை இல்லை. மாடு மடியை வைத்துக்கொண்டு காத்திருக்காது. உள்ளூர் இளைஞர்கள் இந்த வேலையை விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போன சமயத்தில்தான், 1980-களிலிருந்து, பஞ்சாபிகள் இந்தப் பக்கம் வரத் தொடங்கினார்கள். மாடும் டிராக்டரும் தெரிந்தவர்கள். தொழுவத்தை ஒட்டியே வீடும் கொடுத்ததால் குடும்பம் வந்தது. குடும்பம் வந்ததால் குருத்வாரா வந்தது.

இன்றைக்கு ஒரு மணி நேரம் கூடத் தூங்கினீர்களா என்று அத்தான் கேட்டார். “நாங்கள் முள்ளைத் திருப்பிவிட்டோம். மாட்டிடம் யார் சொல்வது? அது பழைய கணக்குக்கே கத்தியது” என்றார்.

நாள் 5

அக்காவுக்கு முதுகுவலி. குடும்ப மருத்துவரிடம் போனோம். பதிவு செய்துகொண்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு மருத்துவர். பார்க்கக் காசு இல்லை.

காத்திருக்கும் அறையில் டோக்கன் கிடையாது, வரிசை கிடையாது. பத்துப் பேர் கண்டபடி உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் அக்கா எல்லோருக்கும் பொதுவாக ஒரு புவோன்ஜோர்னோ சொல்லிவிட்டு, “கி ஏ லூல்த்திமோ?” என்றாள். கடைசி யார்? மூலையில் ஒரு தாத்தா விரலைத் தூக்கினார். அவ்வளவுதான். அவருக்கு அடுத்து அக்கா. அப்புறம் ஒரு பெண் வந்து அதே கேள்வியைக் கேட்டாள், அக்கா விரலைத் தூக்கினாள். தனக்கு முன்னால் யார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மொத்த வரிசையும் தானாக நிற்கிறது. நம்மூர் ஆஸ்பத்திரி வாசலில் சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதை நினைத்துக்கொண்டேன்.

வந்த புதிதில் அக்காவுக்கு இது தெரியாது. யாரிடமும் எதுவும் கேட்காமல் ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போய்வந்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரி என்று ஒதுக்குகிறார்கள் என நினைத்து வீட்டுக்கு வந்து அழுதாளாம். “நான் கேக்கவே இல்லேல்லா. எனக்கு வரிசையே இல்ல” என்று இப்போது சிரிக்கிறாள்.

பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர் முதுகுவலிக்குக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: கொல்போ தாரியா. காற்று அடித்துவிட்டது. தலை ஈரத்தோடு வெளியே போவது, கழுத்தில் துணி சுற்றாமல் சைக்கிள் ஓட்டுவது, எல்லாம் இதில்தான் முடியும். எங்கள் ஆச்சியும் எந்த வலிக்கும் “காத்துப் பட்டிருக்கும்” என்றுதான் சொல்வாள்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். “சிஞ்ஞோரா”, அதாவது திருமதி என்று சொல்லி, எங்கள் அப்பா பெயர். ஆனால் அழுத்தம் வேறு இடத்தில் விழுந்தது, கடைசி எழுத்து நீண்டது. எனக்கு ஒரு நொடி பிடிபடவே இல்லை. அக்கா சாதாரணமாக எழுந்து போய்விட்டாள். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை.

திரும்பும்போது அவளுடைய சுகாதார அட்டையை வாங்கிப் பார்த்தேன். அதில் கோதிச்சே ஃபிஸ்காலே என்று 16 எழுத்தில் ஒரு எண். சிம் வாங்க, வீடு எடுக்க, சம்பளம் வாங்க எல்லாவற்றுக்கும் இதுதான். முதல் மூன்று எழுத்து குடும்பப் பெயரின் மெய்யெழுத்துகள், அதாவது அப்பா. அடுத்த மூன்று அக்கா. பிறகு பிறந்த வருடம், மாதத்துக்கு ஒரு எழுத்து, தேதி. பிறந்த நாடு இந்தியா என்றால் இசட் 222. அக்கா பிறந்தது 14-ஆம் தேதி. அட்டையில் 54 என்று இருக்கிறது. தப்பு என்றேன். தப்பில்லையாம். பெண் என்றால் தேதியோடு நாற்பதைக் கூட்டிக்கொள்வார்கள்.

நாள் 6

சீஸ் ஆலை பார்க்க, காலை ஏழரைக்கு. ஞாயிற்றுக்கிழமை பந்தியில் பார்த்தவர் பால் கொடுக்கும் பண்ணைகளெல்லாம் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு ஆலை. பார்மிஜானோ ரெஜ்ஜானோ. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மொதெனா மாவட்டங்களும், போலோன்யாவில் ரேனோ ஆற்றுக்கும் மந்தோவாவில் போ ஆற்றுக்கும் இந்தப் பக்கம் உள்ள பகுதியும் தவிர வேறு எங்கே செய்தாலும் அந்தப் பெயரை வைக்கக் கூடாது.

உள்ளே ஆவி. மணியைக் கவிழ்த்துப் புதைத்த மாதிரி பெரிய செம்புக் கொப்பரைகள் வரிசையாக. நேற்று மாலை கறந்த பாலை ராத்திரி முழுக்க ஆழமில்லாத தொட்டியில் வைத்து மேலே மிதக்கும் ஆடையை எடுத்துவிடுகிறார்கள். அதோடு இன்று காலைக் கறவையை அப்படியே சேர்க்கிறார்கள். காய்ச்சாத பால். உறை ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கெட்டிப்பட்டதும் பெரிய பலூன் மாதிரி கம்பிக் கூடு ஒன்றால் அரிசி மணி அளவுக்கு உடைக்கிறார்கள். பிறகு சூடாக்குகிறார்கள். தலைமை ஆள், கசாரோ என்கிறார்கள், முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் அழுத்திப் பார்க்கிறார். பக்கத்திலேயே தெர்மாமீட்டர் இருக்கிறது. அவர் அதைப் பார்க்கவில்லை.

அடியில் படிந்ததை மரத் துடுப்பால் நெம்பி, துணி கொடுத்து இரண்டு பேர் தூக்குகிறார்கள். தூக்கி, கத்தியால் நடுவில் வெட்டி இரண்டாக்குகிறார்கள். இரட்டைப் பிள்ளை என்று அதற்குப் பெயர். துணியில் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் தொட்டில் மாதிரி ஆடுகிறது. ஒரு சீஸுக்கு 550 லிட்டர் பால் போகிறது. காய்ந்த பிறகு எடை 40 கிலோ. அச்சில் வைத்து, உப்புத் தண்ணீரில் மூன்று வாரம் ஊறப்போட்டு, அப்புறம் குறைந்தது 12 மாதம் பலகையில்.

அந்தக் கிடங்குதான் என்னை நிறுத்திவிட்டது. கூரை வரை அடுக்கு, அடுக்கு நிறைய சீஸ். ஒருவர் சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றையும் தட்டிக் காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மாறுமாம். பலாப்பழக்காரர் தட்டிப் பார்ப்பாரே, அதே முகம். 2012 மே 20-லும் 29-லும் இந்தப் பக்கம் நிலநடுக்கம் வந்தபோது பல கிடங்குகளில் இந்த அடுக்குகள் சரிந்து லட்சக்கணக்கான சீஸ் தரையில் கிடந்தன.

உறை ஊற்றுவது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பதை வைத்து. சுத்த சைவக்காரர்களுக்கு ஆகாது. பால் கறக்கும் நம் பஞ்சாபி நண்பர் வீட்டில் இதை யாரும் தொடுவதில்லை. இருபது வருடத்துக்கு மேல் கறக்கிறார், ஒரு துண்டு ருசித்தது கிடையாது. அக்காவும் சைவம்தான். வந்து நாலு வருடம் கழித்துத்தான் இது தெரிந்ததாம். “அதுக்குள்ள பழகிட்டு. இப்ப அதப் பத்தி எங்கிட்டப் பேசாத” என்று சொல்லிவிட்டு ரசத்தில் துருவிப் போட்டாள். ரசம் நன்றாகத்தான் இருந்தது.

நாள் 7

மதியம் ஒரு மணிக்கு ஸ்டாம்ப் வாங்கப் போனேன். எல்லாக் கடையும் சாத்தியிருக்கிறது. பன்னிரண்டரைக்கு இறக்கினால் மூன்றரைக்குத்தான். கோவில் நடை சாத்துகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டால் கோபம் வராது.

சும்மா திரிந்ததில் சுவரைப் படித்தேன். இறந்தவர்களின் படத்தோடு, பெயர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு என்று போஸ்டர். நம்ம கண்ணீர் அஞ்சலிதான்! கட்சிக்காரர் படமும் வண்ணமும் மட்டும் இல்லை. அதற்கென்றே நகராட்சி பலகை வைத்திருக்கிறது. சைக்கிளில் போகிறவர்கள் அங்கே ஒரு காலை ஊன்றி நின்று, படித்துவிட்டுப் போகிறார்கள். அக்காவும் தினமும் படிக்கிறாள்.

பூக்கடை முழுக்கச் செவ்வந்தி. மஞ்சளும் வெள்ளையும் தொட்டி தொட்டியாக. நவம்பர் 1-ம் 2-ம் கல்லறைக்குப் போகிற நாட்கள், எல்லாம் அதற்காக. அக்கா முதல் வருடம் இதே சமயத்தில், கஷாயம் போட்டுக் கொடுத்த எதிர்வீட்டுப் பாட்டிக்கு நன்றி சொல்ல ஆசை ஆசையாக ஒரு தொட்டி செவ்வந்தி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். நமக்குப் பூஜைக்கு முதல் பூ. இங்கே அது செத்தவர்களுக்கு மட்டும்தான் கொடுக்கும் பூ. கதவைத் திறந்த பாட்டி பூவைப் பார்த்தாராம், அக்காவைப் பார்த்தாராம். “இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்னு நினைச்சேன்” என்றாராம். இந்தக் கதையைப் பத்து வருடமாக ஊரில் சொல்லிக்கொண்டிருப்பது அந்தப் பாட்டிதான்.

நாள் 8

அந்தப் பாட்டி வீட்டில் மதியச் சாப்பாடு. பூசணிக்காய் அடைத்த தொர்த்தெல்லி. உள்ளே இனிப்பு, மேலே வெண்ணெயும் சீஸும். கொழுக்கட்டையில் சீஸ் தூவிய மாதிரி. முதல் கடி திகைத்தேன், இரண்டாம் தட்டு நானே கேட்டேன். சாப்பிட்ட பிறகு பால் விட்ட காபி கேட்டதுதான் தப்பு. பாட்டி பையனிடம் என்னவோ சொன்னார். “மாமா, உனக்கு வயிறு சரியில்லையான்னு கேக்காங்க” என்றான்.

நாள் 9

நாளை நவம்பர் 1, விடுமுறை. ரொட்டிக் கடை இருக்காது. அக்கா முன்பே சொல்லி வைத்திருந்தாள். “நீ போய் வாங்கிட்டு வால, எனக்கு முதுகு முடியல” என்று என்னை அனுப்பினாள்.

கடைக்குள் ஏழெட்டுப் பேர். வாசலிலிருந்து கண்ணாடிப் பெட்டி வரை எந்த ஒழுங்கும் இல்லை. புவோன்ஜோர்னோ சொன்னேன். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததைக் கேட்டேன். “கி ஏ லூல்த்திமோ?” தொப்பி போட்ட ஒருவர் விரலைத் தூக்கினார். அவரைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு அம்மா வந்து கேட்டார். நானும் விரலைத் தூக்கினேன்.

என் முறை வந்தபோது கையிலிருந்த இத்தாலிய மொழி தீர்ந்துபோயிருந்தது. கடைக்காரம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, பின்னால் அலமாரியில் வரிசையாக நிறுத்தியிருந்த காகிதப் பைகளில் தேடி ஒன்றை எடுத்து மேடையில் வைத்தார். முன்கூட்டிச் சொன்னவர்களின் குடும்பப் பெயர் ஒவ்வொரு பையிலும் பேனாவால் எழுதியிருந்தது. இதில் எங்கள் அப்பா பெயர். ஒரு எழுத்து தப்பு.

காசை நீட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு ஒரு நோட்டைத் திறந்து குறித்துக்கொண்டார். பை இன்னும் சூடாக இருந்தது. வெளியே பனி இறங்கிவிட்டதால் கோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டு நடந்தேன்.